மார்க்கத்தின் அறியாத் தோழன்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தந்த பாடம்



இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் திருப்பெயரைக் கேளாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் அரிது. ரமலான் இரவுப் பயான்களில், ஜும்ஆ உரைகளில், மீலாது மேடைகளில் அவர்களுடைய இஹ்யாவிலிருந்து ஏதேனும் ஒரு செய்தியை நீங்கள் கேட்டே இருப்பீர்கள். உள்ளத்தின் நோய்களை எடுத்துக்காட்டிய ஞானியாகவே அன்னாரை நாம் பெரிதும் அறிவோம். ஆனால் தொழிலால் அவர்கள் ஓர் ஆசிரியர். மத்ரஸாவில் அமர்ந்து மாணாக்கர்க்குப் பாடம் சொன்ன உஸ்தாது. இன்று நம் மார்க்கப் பள்ளிகளை நடத்துவோரையும், அங்கே பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோரையும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அன்னார் முன் வந்து நின்றது. மார்க்கம் கற்பிக்கும் இடத்தில் வானவியலும் கணிதமும் மருத்துவமும் எங்கே அமரவேண்டும்? பிள்ளையின் ஈமானுக்கு அவை துணையா, பகையா? இதற்கு அன்னார் ஏட்டில் மட்டுமன்றித் தம் வாழ்க்கையாலும் விடை தந்தார்கள். அவ்வாழ்க்கையைச் சற்றே நோக்குவோம்.

ஏழைத் தந்தையின் அமானிதம்

ஹிஜ்ரி 450, அதாவது கி.பி. 1058ஆம் ஆண்டில், குராஸான் நாட்டின் தூஸ் நகரைச் சார்ந்த தாபரானில் அவர்கள் பிறந்தார்கள். இன்று அப்பகுதி ஈரான் நாட்டில் மஷ்ஹது நகருக்கு அருகில் உள்ளது. தந்தையார் கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்பர் வரலாற்றாசிரியர். தாம் கல்லாதவராயினும் ஆலிம்களின் சபைகளைத் தேடிச் சென்று அமரும் வழக்கமுடையவர். இறக்குந் தறுவாயில், தம் இரு மைந்தர்களான முஹம்மதையும் அஹ்மதையும், தாம் சேர்த்த சிறு தொகையையும் ஸூஃபியான நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். பணம் தீர்ந்தது. அந்நண்பரும் ஏழையே. எனவே, மாணாக்கர்க்கு உணவளிக்கும் மத்ரஸாவில் சேருமாறு அவர் பிள்ளைகளுக்கு வழிகாட்டினார். வயிற்றுக்காகத் தேடப்புகுந்த கல்வி, முடிவில் அல்லாஹ்வுக்காகவே அன்றி வேறெதற்காகவும் இருக்க மறுத்துவிட்டதைப் பின்னாளில் இமாமவர்களே நினைவுகூர்ந்தார்கள்.

தூஸில் தொடக்கக் கல்வி முடித்து, ஜுர்ஜான் நகருக்குச் சென்று பயின்று திரும்பும் வழியில் நிகழ்ந்த ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கள்வர் கூட்டம் அனைத்தையும் பறித்துக்கொண்டது. பாடக் குறிப்புகள் அடங்கிய பையையேனும் திருப்பித் தருமாறு அவர்கள் தலைவனைப் பின்தொடர்ந்து மன்றாடினார்கள். பையைப் பறித்தவுடன் பறிபோய்விடுகின்ற அறிவும் ஓர் அறிவா என்று அவன் நகைத்துவிட்டுப் பையைக் கொடுத்தான். கள்வனின் வாய்வழியே அல்லாஹ் தமக்கு வழிகாட்டியதாகவே அதைக் கொண்டு, ஊர் திரும்பி மூன்று ஆண்டுகள் முயன்று அக்குறிப்புகள் யாவற்றையும் நெஞ்சில் ஏற்றினார்கள். இனி, தாம் கற்பது எதுவாயினும் முழுமையாகக் கற்பது என்ற உறுதி அவர்களிடம் வேரூன்றியது. இதனை நினைவில் வையுங்கள். இக்கட்டுரைக்கு இது தேவைப்படும்.

பின்னர் நைஸாப்பூர் நிஜாமிய்யா மத்ரஸாவில், இமாமுல் ஹரமைன் என்று உலகம் போற்றும் இமாம் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் மாணாக்கரானார்கள். ஃபிக்ஹு, உஸூல், கலாம், தர்க்கம் ஆகியவற்றில் அங்கே தேறினார்கள். ஹிஜ்ரி 478இல் (கி.பி. 1085) ஆசிரியர் மறைந்தார். அதன்பின் ஸல்ஜூக்கியப் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க் அவர்களின் அவையில் இடம்பெற்ற இளம் அறிஞரை, ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியராக அமைச்சர் நியமித்தார். அப்போது அவர்களுக்கு வயது 34. அம்மத்ரஸா கி.பி. 1067இல் திறக்கப்பட்டது, ஷாஃபிஈ மத்ஹபின் தலைசிறந்த கல்விக்கூடம். முந்நூறு மாணாக்கர் அவர்களிடம் பாடம் கேட்டனர்.

கற்ற பின்பே மறுத்தார்கள்

அக்காலத்தில் கிரேக்கத் தத்துவம் அரபியில் பெயர்க்கப்பட்டுப் பரவியிருந்தது. ஃபாராபி, இப்னு ஸீனா போன்றோரின் நூல்களைப் படித்த சிலர், பெரிய பெயர்களில் மயங்கித் தொழுகையையும் துறந்தனர். அறிவாளிகளெல்லாம் இப்படித்தான் என்பது அவர்களது நினைப்பு. இதனை எதிர்க்க மார்க்க அறிஞர் சிலர் முன்வந்தனர். ஆனால் அந்நூல்களை ஆழ்ந்து கற்காமலே மறுத்தனர். இமாமவர்களுக்கு இது ஏற்புடையதாக இல்லை. ஒரு கலையில் வல்லவர்க்கு நிகராக அதனைக் கற்றறிந்த பின்பே அதிலுள்ள பிழையைக் காணவியலும். கல்லாமல் மறுப்பது இருளில் கல்லெறிவதாகும் என்பது அவர்களது துணிபு.

ஆகவே, முந்நூறு மாணாக்கர்க்குப் பாடம் சொல்லி, நூல்களும் எழுதிய பின் எஞ்சிய நேரத்தில், ஆசிரியர் எவரது துணையுமின்றித் தாமே அந்நூல்களைப் படித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றின் எல்லையைக் கண்டார்கள். மேலும் ஓராண்டு அவற்றைப் பற்றியே சிந்தித்தார்கள். தத்துவவாதிகளின் கருத்துகளை விளக்கும் மகாஸிதுல் ஃபலாஸிஃபா என்ற நூலையும் எழுதினார்கள். மறுப்பு நூலாகிய தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா கி.பி. 1095இல் நிறைவுற்றது.

அந்நூலின் முன்னுரை நம் கேள்விக்கு நேர் விடையாகும். தத்துவவாதிகளுடன் நமக்குள்ள வேறுபாடுகளை அவர்கள் மூன்றாகப் பகுத்தார்கள். முதலாவது, வெறும் சொல் பற்றிய வேறுபாடு. இதில் சண்டையிடுவது வீண். இரண்டாவது, மார்க்கத்தின் எந்த அடிப்படையோடும் மோதாத செய்திகள். மூன்றாவது, மார்க்கத்தின் அடிப்படையையே தொடுபவை: உலகம் படைக்கப்பட்டதா என்பதும், இறைவனின் ஸிஃபத்துகளும், மறுமையில் உடல்கள் எழுப்பப்படுவதும் போன்றவை. போராட வேண்டிய களம் இம்மூன்றாவது மட்டுமே.

இரண்டாம் வகைக்கு அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு கிரகணம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே பூமி வந்து ஒளியை மறைப்பதால் சந்திர கிரகணம் உண்டாகிறது. காண்போருக்கும் சூரியனுக்கும் நடுவே சந்திரன் வருவதால் சூரிய கிரகணம் உண்டாகிறது. இது கணக்கால் நிறுவப்பட்டது. எந்த நேரத்தில் தொடங்கும், எவ்வளவு மறையும், எப்போது விலகும் என்று முன்கூட்டியே சொல்லப்படுகின்றது. இதனை மறுப்பதே மார்க்கத் தொண்டு என்று எண்ணுபவர் மார்க்கத்துக்குப் பெருங்கேடு செய்கிறார் என்று இமாமவர்கள் எழுதினார்கள். ஏன்? கணக்கை அறிந்தவனுக்கு அதில் ஐயம் வராது. அதற்கு முரண்பட்டதாகக் காட்டப்படும் மார்க்கத்தின் மீதே ஐயம் வரும். எதிரி செய்யும் தீங்கைவிட, வழியறியாது உதவ வந்தவர் செய்யும் தீங்கே பெரிது. எத்துணைக் கூரிய சொல் பாருங்கள்!

நபி பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தையின் மறைவாலேயே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினர். துயரத்தின் நடுவிலும் பெருமானார் (ஸல்) அதனை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் உள்ளவை. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என விளக்கி, அதனைக் காணும்போது தொழுகைக்கு விரையுமாறு பணித்தார்கள். இந்த ஹதீஸுக்கும் வானவியல் கணக்குக்கும் எந்த மோதலும் இல்லை என்று இமாமவர்கள் காட்டினார்கள். கிரகணம் எவ்வாறு நிகழ்கிறது என்பது கணக்கின் வேலை. அதைக் கண்ட அடியான் என் செய்யவேண்டும் என்பது மார்க்கத்தின் வேலை.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் சூரியன் வளையமாகத் தோன்றிய கிரகணத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அதன் நேரத்தை வானவியலார் முன்னரே அறிவித்தனர். அந்நேரம் அறிந்தே பள்ளிவாசல்களில் கிரகணத் தொழுகை நடந்தது. கணக்கு தொழுகையைக் கெடுத்ததா? இல்லை, மக்கள் திரண்டு தொழ உதவியது. கருவுற்ற பெண் வெளியே வரலாகாது என்ற அச்சத்தையன்றோ கணக்கும் ஹதீஸும் ஒருசேர விலக்குகின்றன!

நெருப்பும் பஞ்சும்

அதே நூலின் 17ஆம் விவாதத்தில் நெருப்பையும் பஞ்சையும் பற்றிப் பேசுகிறார்கள். நெருப்பு தொட்டால் பஞ்சு எரிகின்றது. எரிக்கும் ஆற்றல் நெருப்புக்கே தானாக உரியதா? நாம் கண்டதெல்லாம் நெருப்பு தொட்டதையும் பஞ்சு எரிந்ததையும்தான். இரண்டையும் பிணைப்பவன் அல்லாஹ் என்பது அவர்கள் கொள்கை. இப்ராஹீம் நபி (அலை) அவர்களை நெருப்பு சுடாத முஃஜிஸாத்தை ஏற்க இது வழி திறக்கின்றது.

அவ்வாறாயின் எந்நேரமும் எதுவும் நடக்கலாமே, அறிவியலுக்கு இடமேது என்று நீங்கள் வினவலாம். அவ்வினாவை அவர்களே எழுப்பி விடையும் தந்தார்கள். அல்லாஹ் தன் படைப்பில் ஒரு வழமையை நிலைநிறுத்தியிருக்கிறான்; அவ்வழமை தொடரும் என்ற அறிவையும் நம்முள் ஊன்றியிருக்கிறான். ஆகவே, வீட்டில் விட்டுவந்த புத்தகம் குதிரையாக மாறியிருக்குமோ என்று எவரும் அஞ்சுவதில்லை. அறிவியல் ஆசிரியர் ஆய்வது அந்த வழமையை. ஈமான் சொல்வது அதனை நடத்துபவனை. இவ்வொன்றை ஆசிரியர் தெளிந்துகொண்டால், சோதனைக்கூடத்தில் பிஸ்மி சொல்லி நுழையும் பிள்ளைக்கு ஒரு குழப்பமும் இராது.

நாவு அடைத்த நாள்கள்

இவ்வாறு புகழின் உச்சியில் இருந்தபோது, ஹிஜ்ரி 488 ரஜபில் (கி.பி. 1095) ஒரு சோதனை வந்தது. தாம் பாடம் சொல்வது அல்லாஹ்வுக்காகவா, பட்டம் பதவிக்காகவா என்று தம்மையே கேட்டார்கள். உள்ளம் தந்த விடை அவர்களை நடுங்க வைத்தது. ஏறத்தாழ ஆறு மாதங்கள் உலகின் இழுப்புக்கும் மறுமையின் அழைப்புக்கும் இடையே தவித்தார்கள். ஒருநாள் பாடம் சொல்ல அமர்ந்தவர்களுக்கு நா எழவில்லை. உணவு இறங்கவில்லை. இது உள்ளத்தில் புகுந்த நோய் என்று மருத்துவர்களும் கைவிட்டனர். முடிவில், குடும்பத்துக்குத் தேவையானதை மட்டும் வைத்துவிட்டுச் செல்வத்தைப் பகிர்ந்தளித்து, பதவியைத் துறந்து பக்தாதை விட்டு வெளியேறினார்கள். டமாஸ்கஸ், பைத்துல் முகத்தஸ், ஹலீல் நகரம், மக்கா, மதீனா எனப் பயணம் நீண்டது. ஹலீல் நகரில் இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில், அரசரிடம் செல்வதில்லை, அரசின் பொருளை ஏற்பதில்லை, வெற்றிக்காக வாதம் செய்வதில்லை என்று உறுதி பூண்டார்கள்.

அக்காலத்தில் உருவானதே இஹ்யா உலூமித்தீன். 40 கிதாபுகள் கொண்ட அப்பெருநூலின் முதற்கிதாபு எது தெரியுமா? தொழுகை அன்று, நோன்பு அன்று, கல்வி. அதில் ஃபர்ளு கிஃபாயாவான கல்விகளுள் மருத்துவத்தையும் கணக்கையும் வைத்தார்கள். ஊரில் ஒருவரேனும் கற்றிருந்தால் ஏனையோர் பொறுப்பு நீங்கும். எவருமே கல்லாவிடின் ஊரார் அனைவரும் குற்றவாளிகளாவர். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை; ஆனால் ஃபிக்ஹு வாதங்களில் இறங்குவோரின் கூட்டம் நிரம்பி வழிகின்றது என்று அவர்கள் வருந்தினார்கள். காரணத்தையும் மறைக்கவில்லை. மருத்துவம் படித்தால் வக்ஃபு நிருவாகமும், காஜி பதவியும், அநாதைச் சொத்தின் பொறுப்பும் கிடைப்பதில்லையே! மார்க்கக் கல்வியின் பெயரால் நடக்கும் உலக ஆசையை, அதே கல்வியில் உச்சம் தொட்டவர் எடுத்துரைத்த துணிவு இது.

அதே கிதாபில் நட்சத்திரக் கலையையும் இரண்டாகப் பிரித்தார்கள். வான்கோள்களின் ஓட்டத்தைக் கணக்கிடுவது ஒன்று, அதில் குற்றமில்லை. அவற்றைக் கொண்டு மனிதரின் நன்மை தீமையைக் குறிசொல்வது மற்றொன்று, அது விலக்கத்தக்கது. நாள் பார்த்து நல்லநேரம் கேட்கும் இல்லங்கள் இதனைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இரு ஆபத்துகள்

ஹிஜ்ரி 499இல் (கி.பி. 1106) நிஜாமுல் முல்க் அவர்களின் மகனும் அமைச்சருமான ஃபக்ருல் முல்க் வற்புறுத்தவே, நைஸாப்பூர் நிஜாமிய்யாவில் மீண்டும் ஆசிரியப் பணி ஏற்றார்கள். முன்பு பதவியைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்தோம், இப்போது பதவியைத் துறக்கச் செய்யும் கல்வியைக் கற்பிக்கிறோம் என்பதே அவர்கள் எண்ணம். தம் அறிவுப் பயணத்தைச் சொல்லும் அல்முன்கிது என்ற நூலில், கணிதம் முதலிய கலைகளால் விளையும் இரு ஆபத்துகளை எடுத்துக்காட்டினார்கள்.

முதல் ஆபத்து, மயங்கியவனுடையது. கணிதத்தின் துல்லியத்தைக் கண்டு வியந்தவன், அதே அறிஞர் இறைவனைப் பற்றிச் சொல்வதும் அவ்வளவு துல்லியமானது என்று நம்பிவிடுகிறான். ஒரு கலையில் வல்லவன் எல்லாக் கலையிலும் வல்லவனாக வேண்டியதில்லை என்பதை அவன் அறியான். இரண்டாம் ஆபத்து, மார்க்கத்தின் அறியாத் தோழனுடையது. அவன் அக்கலைகள் அனைத்தையும் மறுத்து, கிரகணக் கணக்கையும் பொய்யென்கிறான். மார்க்கம் அறியாமையின் மீது நிற்பதாகக் கேட்பவர் கருத அவனே காரணமாகிறான்.

இமாமவர்கள் எச்சரிக்கையும் செய்தார்கள் என்பதை மறைப்பது நேர்மையன்று. நீந்தத் தெரியாதவனை வழுக்கும் கரையில் விடாதீர். பாம்பாட்டி தன் சிறு மகன் முன் பாம்பைத் தொடமாட்டான் என்ற பொருளில் பொதுமக்களைத் தத்துவ நூல்களிலிருந்து காக்கச் சொன்னார்கள். ஆயின், நீந்தத் தெரிந்தவரை அவர்கள் தடுக்கவில்லை, தாமே நீந்தினார்கள். அப்படியானால் நாம் செய்யவேண்டியது யாது? ஆற்றை மூடுவதன்று, நீந்தத் தெரிந்த ஆசிரியரைக் கரையில் நிறுத்துவது.

அன்னாரால் முஸ்லிம்களிடையே அறிவியல் அழிந்தது என்று சிலர் எழுதுவர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. இமாமவர்களுக்குப் பின்னரே, கி.பி. 1288இல் மறைந்த இப்னு நஃபீஸ், இரத்தம் இதயத்திலிருந்து நுரையீரல் வழியே செல்வதை விளக்கினார். அவர் மருத்துவர் மட்டுமல்லர். கெய்ரோவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு கற்பித்தவர். கி.பி. 1375இல் மறைந்த இப்னு ஷாத்திர், டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்தவர். கோள்களின் ஓட்டத்துக்குப் புதிய கணக்கு வகுத்தவர். பள்ளிவாசலும் வானவியலும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அது.

இமாமவர்கள் தூஸுக்கே திரும்பி, தம் இல்லத்தருகே சிறு மத்ரஸாவும் ஸூஃபிகளுக்கான இல்லமும் அமைத்துக் கற்பித்து வந்தார்கள். ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் 14, கி.பி. 1111 டிசம்பர் 18, திங்கட்கிழமை. ஃபஜ்ரு நேரத்தில் ஒளுச் செய்து தொழுதார்கள். கஃபன் துணியை வரவழைத்து முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். அரசனின் அழைப்புக்குக் கீழ்ப்படியும் பணியாளரைப் போல் இசைவு கூறி, கிப்லாவை நோக்கிப் படுத்தார்கள். விடிவதற்குள் உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நமக்கு என்ன கடமை?

வாசகரே! காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர், இந்த இமாமின் அறிவுப் பரம்பரையைச் சார்ந்தவர்கள். எம்மத்ஹபினராயினும் இஹ்யாவை நாம் அனைவரும் போற்றுகிறோம். ஆனால் நம் பள்ளிகளில் நடப்பது யாது? உயிர்களின் பரிணாமம் பற்றிய பாடம் வரும்போது, தேர்வுக்கு மட்டும் எழுதுங்கள், நம்பவேண்டா என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடும் ஆசிரியர் உண்டு. புத்தகத்தில் அச்சாகிவிட்டதாலேயே, மனிதனைப் படைத்தவன் எவனுமில்லை என்பது நிறுவப்பட்டுவிட்டது போலப் பேசும் ஆசிரியரும் உண்டு. முன்னவர் இமாமவர்கள் சொன்ன அறியாத் தோழர், பின்னவர் மயங்கியவர். இருவரிடமிருந்தும் பிள்ளையைக் காக்கவேண்டும்.

எங்ஙனம்? இமாமவர்களின் மூன்று வகையைக் கையில் எடுங்கள். இது வெறும் சொல் வேறுபாடா? விட்டுவிடுங்கள். உற்றுநோக்கலாலும் கணக்காலும் நிறுவப்பட்டதா? அதன் சான்றுகளோடு முழுமையாகக் கற்பியுங்கள். படைத்தவன் உண்டா, மறுமை உண்டா, ஆதம் நபி (அலை) அவர்களின் சிறப்பு யாது என்பன போன்ற, மார்க்கத்தின் அடிப்படையைத் தொடும் இடமா? அங்கே அறிவியல் தன் அளவுகோலால் எதுவரை அளக்கவியலும் என்பதையும், மார்க்கம் என்ன கூறுகிறது என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிடின் அதட்டாதீர். தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கேள்வி கேட்ட பிள்ளையை வாயடைத்து அனுப்பினால், அது கேள்வியை விடாது, நம்மைத்தான் விடும்.

மார்க்கக் கல்வி தரும் உஸ்தாதும் அறிவியல் ஆசிரியரும் ஒரே பள்ளியில் இருந்தும், ஒருவர் பாடத்தை ஒருவர் அறியாதிருப்பது பெருங்குறை. மாதம் ஒருமுறையேனும் இருவரும் சேர்ந்தமர்ந்து பாடத்தைப் பேசட்டும். உலமாப் பெருமக்கள் அறிவியல் நூல்களைத் திறந்து படிக்கட்டும். அறிவியல் ஆசிரியர்கள் இஹ்யாவின் கல்விக் கிதாபைப் படிக்கட்டும். படிக்காமல் மறுப்பதும், படிக்காமல் ஏற்பதும் இமாமவர்களின் வழியன்று.

அறிவையும் ஈமானையும் ஒருங்கே தாங்கும் உள்ளங்களை நம் மக்களுக்கு வல்ல நாயன் அருள்வானாக! பயனற்ற கல்வியிலிருந்தும், அறியாத் தோழமையிலிருந்தும் நம்மைக் காப்பானாக! ஆமீன்.